தவலைக்குள் வானம்

கமலாட்சி: தலைமேல கவுத்துக்கோ. இன்னும் கொஞ்சம் எறக்கு. காதெல்லாம் உள்ள போவணும்.

ஷஹர்பானு: எதுக்குடி இது? தவலையைத் தலையில கவுத்துக்கினு நிக்கிறேன். யாராவது பாத்தா...

கமலாட்சி: யார் பாக்கப் போறாங்க? உங்க மாடியில நீ, எங்க மாடியில நான். நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு செவுரு.

ஷஹர்பானு: மூச்சு முட்டுது. அலுமினிய வாசனை வேற.

கமலாட்சி: பொறந்ததுல இருந்து அந்த வாசனையிலதானே இருக்கே. இப்ப தவலையோட அடியைச் சூரியனுக்குக் காட்டு. அந்தப் பக்கம் இல்ல... கோபுரம் பக்கம் திரும்பு.

ஷஹர்பானு: ஒண்ணுமே தெரி... ஏ!

கமலாட்சி: தெரியுதா?

ஷஹர்பானு: அல்லா... இன்னாடி இது? உள்ள ராத்திரியா இருக்குது. நட்சத்திரமா இருக்குது.

கமலாட்சி: மெதுவா திருப்பு.

ஷஹர்பானு: வானம் திரும்புது கமலா! ஒண்ணு பெரிசு... அதைச் சுத்தி பொடிப் பொடியா. இந்த ஓரத்துல ஒரு கரண்டி மாதிரி. வெளிய நீ பேசறது எங்கியோ தூரத்துல கேக்குது... இங்கியே இருந்துடலாம் போல இருக்குது.

கமலாட்சி: நானும் மத்தியானம் ரொம்ப நேரம் அதுக்குள்ளதான் இருந்தேன். அம்மா வந்து தவலை மேல கரண்டியால ஒரு போடு போட்டுச்சு. காது இன்னும் கொய்ங்குது.

ஷஹர்பானு: நல்லா வேணும். பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு தவலைக்குள்ள குடித்தனம் பண்ணா... இது யார் வூட்டுது?

கமலாட்சி: மொதல்ல வெளிய வா.

ஷஹர்பானு: உள்ள இருந்தே கேக்கறேன். யார் வூட்டுது?

கமலாட்சி: பெரியநாயகி அக்கா வூட்டுது.

ஷஹர்பானு: ...

கமலாட்சி: ஷஹர்?

ஷஹர்பானு: அப்ப எங்க அத்தா வார்த்தது.

கமலாட்சி: ஆமா.

ஷஹர்பானு: இந்தா... புடி. வெளிய வந்துட்டேன்.

கமலாட்சி: முடியைச் சரி பண்ணு. நெத்தியில கரி.

ஷஹர்பானு: இருக்கட்டும். அக்கா வூட்டுப் பாவு நனைஞ்சது இதாலதானா?

கமலாட்சி: தறிக்குப் பக்கத்துல தண்ணி ரொப்பி வெச்சிருக்காங்க. முந்தாநாள் ராத்திரி பூரா சொட்டிக்கினே இருந்திருக்குது. கீழ தறிக்குழியில புடவைக்குப் புதுப் பாவு நூல் சுத்தி வெச்சிருந்தது. அரக்குச் சாயம் எறங்கி சந்தனக் கலர்ல பாஞ்சிடுச்சு.

ஷஹர்பானு: அழுவுதா?

கமலாட்சி: அழுதா பரவாயில்ல. அந்தப் பாவை மடியில போட்டுக்கினு தடவிக்கினே இருக்குது. பூனைக்குட்டியைத் தடவறாப்புல.

ஷஹர்பானு: சொல்லாதே... சொல்லாதே.

கமலாட்சி: நீதானே கேட்டே.

ஷஹர்பானு: கேட்டா எல்லாத்தையும் சொல்லிடணுமா? ... காலையில இருந்து பட்டறை வாசல்ல தவலையா வந்து குந்துது கமலா. அத்தா ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துல பாக்கறாரு. கீழ வெக்கறாரு. மறுபடி எடுத்துப் பாக்கறாரு. சோறு உள்ள எறங்கலை அவருக்கு.

கமலாட்சி: கடைக்காரர் தனசேகரன் வந்தாராமே?

ஷஹர்பானு: வந்தாரு. அவர் கடை மூலமாத்தானே உங்க தெருவுல எல்லாரும் வாங்குனாங்க. கத்தல்லாம் இல்ல. "பாய், உங்க கை மேல நம்பிக்கை வெச்சி வித்தேன்"ன்னாரு. அதுக்கு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். அத்தா அலுமினியம் உருக்கற மூசையைத் தொட்டு சத்தியம் பண்ணாரு. "இதுக்குள்ள சுத்த அலுமினியத்தைத் தவிர வேற ஒண்ணும் போவலை, ஏன் ஓட்டை விழுதுன்னு எனக்குத் தெரியலை, தெரியிற வரைக்கும் இதைப் பத்த வெக்க மாட்டேன்"ன்னு.

கமலாட்சி: தெரியலைன்னா?

ஷஹர்பானு: தெரியலைன்னா பட்டறையை மூடிட்டு ஆம்பூருக்கு. அண்ணன் தோல் ஷாப்புல இருக்காரே, அங்க. நானும்தான். வேற எங்க போவேன்? அதுக்கப்புறம் இந்த மாடியில யாரோ வத்தல் காய வெப்பாங்க. நீ அவங்களோட பேசிக்கினு இரு.

கமலாட்சி: ஆம்பூருக்கு ரயில் இருக்குது.

ஷஹர்பானு: இன்னாடி இப்படி லேசா சொல்லிட்டே?

கமலாட்சி: லேசா சொல்லலை...

ஷஹர்பானு: நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சதும் எல்லாரும் பட்டறைக்கு வர்றாங்க. உங்க தெரு, தனசேகரன், பெரியநாயகி அக்கா... உன்னைத்தான் கேக்கப் போறாங்களாம். "பரசுராமன் பொண்ணு இதையெல்லாம் படிச்சிருக்குது, அது சொல்லட்டும்"ன்னு பேசி வெச்சிருக்காங்க.

கமலாட்சி: ஆம்பளைங்க நடுவுல நின்னு நான் என்னத்தைப் பேசுவேன்?

ஷஹர்பானு: எங்கிட்ட மட்டும் நாள் பூரா பேசறே.

கமலாட்சி: உங்கிட்ட பேசறது பேச்சா?

ஷஹர்பானு: பின்ன? ... சரி, எனக்குச் சொல்லு. நாளைக்குச் சொல்லப் போறதை இப்ப எனக்குச் சொல்லு. ஒரு பாத்திரம் தேஞ்சா எல்லா எடமும் தேயணும். இது இன்னா ஊசியால குத்துனாப்புல? மிச்ச எடமெல்லாம் பளபளன்னு நிக்குது.

கமலாட்சி: அதுதான் அலுமினியத்தோட குணம். காத்துப் பட்டவுடனே அது மேல ஒரு தோல் வந்துடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. அவ்ளோ மெலிசு. அந்தத் தோல் இருக்கற வரைக்கும் தண்ணி ஒண்ணும் பண்ணாது. கீறல் விழுந்தாலும் மறுபடி தானே வந்து மூடிக்கும்.

ஷஹர்பானு: பால் மேல ஆடை மாதிரி.

கமலாட்சி: ஆமா... அதே மாதிரி. அலுமினியத்துக்குள்ள வேற உலோகம் பொடியா கலந்திருந்தா, அந்தப் பொடி இருக்கற எடத்துல மட்டும் தோல் சரியா மூடாது. நம்ம கெணத்துத் தண்ணிதான் உப்பாச்சே. உப்பு அந்த எடத்தைத்தான் தேடிப் போவும்.

ஷஹர்பானு: தேடிப் போவுமா? அதுக்குக் கண்ணு இருக்குதா?

கமலாட்சி: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. பக்கத்துல பக்கத்துல ரெண்டு உலோகம், நடுவுல உப்புத் தண்ணி... அது ஒரு சின்ன பேட்டரி. உங்க அண்ணன் ட்ரான்சிஸ்டர்ல போடறாரே, அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாத பேட்டரி.

ஷஹர்பானு: தவலைக்குள்ளயா?

கமலாட்சி: தவலைக்குள்ள. ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப அது பாட்டுக்கு வேலை செஞ்சிக்கினு இருக்கும். கலந்த பொடிக்கு ஒண்ணும் ஆவாது. பக்கத்துல இருக்கற அலுமினியம்தான் கரையும். அகலமா கரையாது. கீழ கீழ போய்க்கினே இருக்கும். மேல வெள்ளையா ஒரு பொருக்கு மூடியிருக்கும். தேய்க்கறப்ப அந்தப் பொருக்கு போவும்... அன்னைக்குத்தான் சொட்டும்.

ஷஹர்பானு: கேக்கக் கேக்க தூக்கம் வர்றாப்புல இருக்குது. பயமாவும் இருக்குது.

கமலாட்சி: எனக்கு அழகா இருக்குது.

ஷஹர்பானு: உனக்கு எதுதான் அழகா இல்ல? ... வேற உலோகம்னா?

கமலாட்சி: இரும்பு. செம்பு.

ஷஹர்பானு: இரும்பா இருக்கும். அத்தா இரும்புக் கம்பியாலதானே மூசையைக் கிளறுவாரு. உருகுன அலுமினியத்துல கம்பி தேஞ்சி போவுது, நான் பாத்திருக்கேன்.

கமலாட்சி: அதுவும் கெடுதல்தான். கம்பிக்குக் களிமண் பூசிக்கச் சொல்லணும். ஆனா அந்தக் கம்பி எப்பவும் இருக்கற கம்பிதானே? உங்க அம்மா இருந்தப்பவும் அதாலதானே கிளறுனாரு?

ஷஹர்பானு: ஆமா...

கமலாட்சி: அப்ப ஓட்டை விழலியே.

ஷஹர்பானு: அப்ப ஏரோப்ளேன் தகடு! பரங்கிமலையில இருந்து யாரோ கொண்டாந்து போட்டாங்க. அதுல செம்பு இருக்குதுன்னு நீதான் ஒரு தடவை சொன்னே. அதைப் போட்டிருப்பாரு.

கமலாட்சி: போட்டாரா?

ஷஹர்பானு: போட்டிருப்பாரு.

கமலாட்சி: நான் உங்க அத்தாவைக் கேட்டேன் ஷஹர். மூலையில சாக்கு மூடி வெச்சிருக்கறதைத் தூக்கிக் காட்டுனாரு. அதுல ஒரு துண்டுகூட எடுக்கலை.

ஷஹர்பானு: நீ எப்ப பட்டறைக்குப் போனே?

கமலாட்சி: நேத்து. நீ கடைக்குப் போயிருந்தே.

ஷஹர்பானு: எங்கிட்ட சொல்லவே இல்ல.

கமலாட்சி: நீ எல்லாத்தையும் எங்கிட்ட சொல்றியா? ... கிளிக் கூட்டம் போவுது பாரு.

ஷஹர்பானு: பேச்சை மாத்தாதே. உங்க தெருப் பொம்பளைங்க மட்டும் ஒழுங்கா? தண்ணித் தவலையில பழைய காசு போட்டு வெக்கிறாங்களே. செப்புக் குடத்துத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லி, குடம் இல்லாதவங்க ஓட்டைக் காலணாவைப் போட்டு வெச்சிருக்காங்க. இந்தத் தவலையிலயும் கெடந்திருக்கும்.

கமலாட்சி: கெடந்துச்சு. அதுவும் செம்புதான். அதுவும் கெடுதல்தான்.

ஷஹர்பானு: பாத்தியா! ஓட்டைக் காசைத் தண்ணியில போட்டு வெச்சா தவலைக்கும் ஓட்டை ஆசை வராதா?

கமலாட்சி: நல்லா பேசறே. நாளைக்கு நீயே வந்து பேசேன்.

ஷஹர்பானு: அதைச் சொல்லிடு கமலா. அது பொய் இல்லியே? காசாலதான் ஓட்டைன்னு சொல்லிடு. இனிமே போடாதீங்கன்னு சொல்லிடு. அத்தாவுக்கும் காரணம் தெரிஞ்சிடும், பட்டறையும் மூட வேணாம்.

கமலாட்சி: காந்தா அத்தை வூட்டுல ஒரு தவலை இருக்குது. உங்க அம்மா இருந்தப்ப வார்த்தது. அதுலயும் காசு கெடக்குது, வருஷக்கணக்கா. அதே கெணத்துத் தண்ணி. அடியில லேசா சொரசொரன்னு இருக்குது, அவ்ளோதான். ஒரு ஓட்டை இல்ல. நான் காசு மேல பழியைப் போட்டா, அத்தை அந்தத் தவலையைத் தூக்கிக்கினு வந்து நடுவுல வெச்சிடும்.

ஷஹர்பானு: அந்த அத்தை வெக்கும். வெச்சிட்டு இடுப்புல கையும் வெச்சிக்கும்.

பூவம்மாள்: கமலா! ஏ கமலா! இந்தத் திராவகப் பாட்டிலை எவ என் புளிப்பானை பக்கத்துல வெச்சது?

கமலாட்சி: நான்தாம்மா! தொடாதே! எறங்கி வந்து எடுக்கறேன்!

பூவம்மாள்: சாம்பார்ல ஊத்தியிருப்பேன்! மேல யார்கிட்ட பேசிக்கினு இருக்கே?

கமலாட்சி: ஷஹர்கிட்டம்மா!

பூவம்மாள்: அதானே பாத்தேன். தனியா பேசற அளவுக்கு இன்னும் முத்தலை.

ஷஹர்பானு: திராவகமா? அது எதுக்குடி உனக்கு?

கமலாட்சி: கலியன் மாமாகிட்ட வாங்கினேன். அவர் பழைய சரிகையைக் கொளுத்தி வெள்ளி எடுக்கறாரே, அதுக்கு வெச்சிருக்கறது. காஸ்டிக் சோடா சாயப்பட்டறையில வாங்கினேன். அமோனியா மருந்துக் கடையில. நேத்து வூட்டுல யாரும் இல்ல.

ஷஹர்பானு: காலேஜ் முடிஞ்சும் உன்னை விடலை பாரு. போன மாசம் பெங்களூருக்கு ஒரு இன்டர்வியூக்குப் போனியே... அது ஒண்ணும் வரலியா?

கமலாட்சி: இப்ப அதுவா முக்கியம்? கேளு. இந்தத் தவலையோட விளிம்புல கொஞ்சம் அரத்தால ராவினேன். தண்ணியே படாத எடம். காசு பக்கத்துலயே போவாத எடம். அந்தப் பொடியைக் காஸ்டிக்ல போட்டேன். நொரைச்சிக்கினு கரைஞ்சது. சுத்த அலுமினியம்னா பூரா கரைஞ்சிருக்கணும்.

ஷஹர்பானு: கரையலியா?

கமலாட்சி: அடியில கறுப்பா ஒரு வண்டல் நின்னுடுச்சு. அதைத் திராவகத்துல கரைச்சேன். கடைசியா அமோனியாவை ஊத்துனேன். ஒரு சொட்டு... ரெண்டு சொட்டு. துருக் கலர்ல ஒரு கலங்கல் வந்தது. அது இரும்பு. உங்க அத்தா கம்பி.

ஷஹர்பானு: அப்புறம்?

கமலாட்சி: அப்புறம் நீலம்.

ஷஹர்பானு: நீலமா?

கமலாட்சி: மயில்கழுத்து நீலம். நம்ம தறியில எவ்ளோ நீலம் ஓடுது, இந்த நீலம் ஓடலை. கண்ணாடி டம்ளர்ல எடுத்து ஜன்னல்கிட்ட வெச்சேன். கூடம் பூரா அந்தக் கலர் ஆயிடுச்சு... அமோனியா நெடியில கண்ணுல தண்ணி ஊத்துது, நான் பாத்துக்கினே நின்னேன்.

ஷஹர்பானு: அந்த நீலத்துக்கு அர்த்தம் இன்னா?

கமலாட்சி: செம்பு. உலோகத்துக்குள்ளயே இருக்குது. வார்க்கறப்பவே கலந்தது. காந்தா அத்தை வூட்டுத் தவலையிலயும் ராவிப் பாத்தேன். அதுல நீலம் வரலை. ரொம்பக் கண்ணைச் சுருக்கிப் பாத்தா ஒரு சாயல். அவ்ளோதான்.

ஷஹர்பானு: அப்ப அம்மா போனதுக்கு அப்புறம்...

கமலாட்சி: அதுக்கு அப்புறம்தான்.

ஷஹர்பானு: பாங்கு சொல்றாங்க.

கமலாட்சி: ம்.

ஷஹர்பானு: தொழுதுட்டு வந்துடறேன். போயிடாதே.

கமலாட்சி: போவலை.

ஷஹர்பானு: இங்கியே இரு.

கமலாட்சி: இங்கியேதான் இருப்பேன். போ.

*

ஷஹர்பானு: கமலா... இருக்கியா? இருட்டிடுச்சு, தெரியலை.

கமலாட்சி: இருக்கேன். செவுத்துகிட்ட உக்காந்திருக்கேன். கல்லு இன்னும் சுடுது. நீயும் அந்தப் பக்கம் உக்காரு. முதுகுக்கு இதமா இருக்கும்.

ஷஹர்பானு: முகத்தைப் பாக்காம பேசறதும் நல்லதுதான்.

கமலாட்சி: என்ன?

ஷஹர்பானு: ஒண்ணும் இல்ல. ... தறிச் சத்தம் நின்னு போச்சு பாரு. நின்னப்புறம்தான் இவ்ளோ நேரம் கேட்டுக்கினு இருந்ததே தெரியுது.

கமலாட்சி: ம்...

ஷஹர்பானு: அத்தாகிட்ட ஒரு டின் இருக்குது. செல்லாக் காசு. நயா பைசா வந்தப்புறம் பழசையெல்லாம் ஜனங்க எடைக்குப் போட்டாங்களே, அது. பித்தளைக்காரருக்கு அனுப்பறதுக்கு வெச்சிருக்கார்.

கமலாட்சி: ம்.

ஷஹர்பானு: எங்க அம்மாவுக்கு ஒரு பழக்கம். புது மூசை வெக்கிற அன்னைக்கு, மொத அலுமினியம் உருகறப்ப, பிஸ்மி சொல்லி ஒரே ஒரு காலணா உள்ள போடும். வேற எந்த வூட்டுலயும் இல்ல, அதுவா பண்ணிக்கினது. "நம்ம வூட்டுப் பொம்பளை கையும் இதுல இருக்கட்டும்"ன்னு சொல்லும். அத்தா பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிக்குவாரு.

கமலாட்சி: உங்க அம்மா போட்டது தெரியாது எனக்கு. அத்தை தவலையில தெரிஞ்ச நீலச் சாயல் அதுவா...

ஷஹர்பானு: குறுக்க பேசாதே. நின்னுட்டா மறுபடி வராது எனக்கு.

கமலாட்சி: பேசலை.

ஷஹர்பானு: அம்மா போனப்புறம் அந்த வேலை எனக்குன்னு நெனைச்சிக்கினேன். அத்தா விடியக்காலம் பஜர் தொழுவப் போவாரு. நான் கரி போட்டு ஊதி மூசையைக் காய வெப்பேன். அலுமினியம் உருகி வரும்... மேல ஒரு ஆடை, அதை விலக்குனா உள்ள கண்ணாடி. அந்த நேரத்துல யாரும் இருக்க மாட்டாங்க. டின்னு பக்கத்துலயே இருக்கும். அம்மா காலத்துல காலணான்னா அது காசு. ஒண்ணு போடவே மனசு வரணும். இப்ப அதுக்கு மதிப்பே இல்லியே... அதான்.

கமலாட்சி: அதான்?

ஷஹர்பானு: கை நெறைய அள்ளிப் போட்டேன்.

கமலாட்சி: புது மூசைக்கா?

ஷஹர்பானு: தெனம். கம்பியால ஒரு சுத்து சுத்துனா சக்கரையாட்டம் காணாம போயிடும். அத்தா வர்றதுக்குள்ள எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும். அவர் வார்ப்பாரு. தவலை போன தடவையைவிட கெட்டியா இருக்குதுன்னு சந்தோஷப்படுவாரு. எனக்கு ஒரே பெருமை. என் கை ராசின்னு.

கமலாட்சி: செம்பு சேந்தா கெட்டியாத்தான் வரும்.

ஷஹர்பானு: அத்தா சத்தியம் பண்ணிட்டாரு கமலா. மூசையைத் தொட்டு. "வேற ஒண்ணும் போவலை"ன்னு. அவர் சொன்னது பொய்யாப் போச்சு, நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கினே இருந்தேன். வாயைத் தொறக்கலை. நீ அந்த நீலத்தை யார்கிட்டயும் சொல்லாம இருந்தா...

கமலாட்சி: இருந்தா?

ஷஹர்பானு: ...இருந்தா நாங்க ஆம்பூருக்குப் போவோம். இல்லன்னா அவரு காரணம் தெரியாம செத்துப் போவாரு. தெரியும். நீ சொல்ல வேணாம், எனக்கே தெரியும்.

கமலாட்சி: திட்டுவாரா?

ஷஹர்பானு: திட்ட மாட்டாரு. அதான் கஷ்டம். அம்மா பேரை எடுத்துக்கினு போய் நான் இப்படிப் பண்ணியிருக்கேன்னு தெரிஞ்சா... சும்மா திரும்பிக்குவாரு. அந்த முதுகைப் பாக்கணுமே.

கமலாட்சி: பெரியநாயகி அக்கா மடியில அந்தப் பாவு இருக்குது ஷஹர்.

ஷஹர்பானு: தெரியும்டி. தொழுவறப்பவும் அதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. ... இப்பவே அத்தாகிட்ட சொல்லிடறேன். நாளைக்கு நாலு பேர் வாயில இருந்து அவர் தெரிஞ்சிக்கக் கூடாது. அப்புறம் அக்கா வூட்டுக்குப் போறேன். புதுப் பாவு சேக்க அத்தா ஏற்பாடு பண்ணுவாரு. நூல் எடுத்துக் குடுக்கற வேலையை நான் பண்றேன். எனக்குக் கை வரும்.

கமலாட்சி: நானும் கூட வரட்டுமா?

ஷஹர்பானு: அக்கா வூட்டுக்கு வா. அத்தாகிட்ட நான் தனியா.

கமலாட்சி: ஒண்ணு சொல்லு அவர்கிட்ட. அந்த உலோகத்தை வீணாக்க வேணாம். செம்பை இனிமே பிரிக்க முடியாது. ஆனா அது கெட்ட பொருள் இல்ல. தண்ணி நிக்காத சாமானா வார்க்கலாம். தோசைக் கல்லு, ஜன்னல் கம்பி, மிஷினுக்குச் சக்கரம்... கெட்டியா ஒழைக்கும்.

ஷஹர்பானு: மூசையை மறுபடி பத்த வெப்பாருன்றியா?

கமலாட்சி: ஏன்னு தெரியாமத்தானே நிறுத்துனாரு? தெரிஞ்சா பத்த வெப்பாரு. டின்னை மட்டும் பித்தளைக்காரருக்கு அனுப்பிடச் சொல்லு.

ஷஹர்பானு: நானே தூக்கிக்கினு போய்க் குடுக்கறேன். ... கமலா, நீ மொதல்லயே கண்டுபுடிச்சிட்டே இல்ல? நான்தான்னு?

கமலாட்சி: நேத்து நீலம் வந்தப்பவே. மூசைகிட்ட உங்க ரெண்டு பேரைத் தவிர யாரு போறாங்க?

ஷஹர்பானு: அப்ப ஏன்டி ஒரு நாள் பூரா சுத்தி சுத்தி வந்தே? தவலையைத் தலையில கவுத்து, நட்சத்திரம் காட்டி...

கமலாட்சி: நீயா சொன்னா நல்லா இருக்கும்னு தோணிச்சு. நான் சொன்னா, நான் கண்டுபுடிச்சதா ஆயிடும்.

ஷஹர்பானு: நாளைக்கு அவங்க முன்னாடியும் இதே மாதிரி பேசு. இந்தக் கொரல்ல. யாரையும் பாக்க வேணாம், என்னைப் பாத்துப் பேசு. நான் கதவு பக்கத்துல நிப்பேன்.

கமலாட்சி: கதவுக்குப் பின்னாடி நின்னுடாதே.

ஷஹர்பானு: முன்னாடிதான் நிப்பேன். ... காத்து வருது பாரு. மல்லி வாசனை. யார் வூட்டுலயோ பூ கட்டறாங்க.

கமலாட்சி: ம்.

ஷஹர்பானு: நீ இன்னும் ஒண்ணு கேக்கலை.

கமலாட்சி: என்ன?

ஷஹர்பானு: ஒருத்தி தெனம் விடியக்காலம் கை நெறையக் காசை அள்ளி நெருப்புல போடறா. எதுக்குப் போட்டான்னு கேக்க மாட்டியா? ஒரு வேண்டுதல், துவா இல்லாம போடுவாளா?

கமலாட்சி: பட்டறை நல்லா இருக்கணும்னுதானே?

ஷஹர்பானு: பட்டறைக்கு ஒரு காசு போதுமே. அம்மாவுக்குப் போதுமா இருந்ததே.

கமலாட்சி: பின்ன?

ஷஹர்பானு: சிரிக்கக் கூடாது.

கமலாட்சி: சிரிக்கலை. சொல்லு.

ஷஹர்பானு: உனக்காக. உங்க அப்பா வரன் பாக்க ஆரம்பிச்சாரே, அன்னையில இருந்து. உனக்கு ஒரு வேலை கெடைக்கணும்னு கேட்டேன். வேலை கெடைச்சிட்டா உன்னைக் கட்டிக் குடுக்க அவசரப்பட மாட்டாங்க, நீ எங்கியும் போவ மாட்டே, தெனம் சாயங்காலம் இந்தச் செவுத்துகிட்ட வருவேன்னு... அவ்ளோதான். ஒரு காசு பத்தாதுன்னு தோணிச்சு. பெரிய விஷயம் கேக்கறோமேன்னு. ... கமலா? ஏய், இன்னாடி... அழுவறியா? பைத்தியம். தவலையெல்லாம் ஓட்டையானதுதான் மிச்சம், துவா எங்க பலிச்சுது?

கமலாட்சி: பலிச்சிடுச்சு ஷஹர். போன மாசமே பலிச்சிடுச்சு. வேலை கெடைச்சிடுச்சு... பெங்களூருல. உன்னை விட்டுட்டு எப்படி ரயில் ஏறறதுன்னுதான், இன்னும் சொல்லாம இருக்கேன்.